ஒருநாள் வகுப்பு போதுமா? நகராட்சி ஓட்டுநர்களின் விபத்துகள் பற்றிய கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் ஒரு தேர்வுநிலை நகராட்சியில் துப்புரவு அலுவலராக இருக்கிறேன். எங்களிடம் 2 காம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி), 3 டிப்பர், டிரெய்லருடன் 2 டிராக்டர், 2 தண்ணீர் லாரி, 24 பேட்டரி வண்டி இருக்கின்றன. மொத்தம் 40 ஓட்டுநர்கள். 9 பேர் நிரந்தரப் பணியாளர்கள், மற்றவர்கள் ஒப்பந்ததாரர் அனுப்புகிறவர்கள். கடந்த 14 மாதங்களில் 11 விபத்துகள் நடந்துவிட்டன. ஐந்து, ரிவர்ஸ் எடுக்கும்போது. அவற்றில் ஒன்றில் எங்கள் தூய்மைப் பணியாளர் ஒருவரின் பாதம் காம்பாக்டர் சக்கரத்தில் சிக்கி இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. இரண்டு, இடப்பக்கம் திரும்பும்போது ஸ்கூட்டரை உரசியது. இரவில் ஓரமாக நிறுத்தியிருந்த டிரெய்லரில் பைக் மோதியது ஒன்று, தண்ணீர் லாரி வளைவில் சாய்ந்தது ஒன்று, பேட்டரி வண்டி கவிழ்ந்தது இரண்டு. எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு நடத்தி, உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று ஆணையர் சொல்கிறார். சேதச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கமும் எங்களிடம் உண்டு. இவை போதுமா? பணியாளரின் காலில் ஏற்றிய ஓட்டுநரை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவரைத் திரும்ப எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள பகுதி, 11 விபத்துகளையும் வகை பிரித்து எழுதியிருப்பது. பல அலுவலகங்களில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்ற ஒரே வரியோடு கோப்பு மூடப்பட்டுவிடும். நீங்கள் பிரித்து எழுதியதால், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கான விடை பாதிக்குமேல் அதிலேயே கிடைத்துவிட்டது.

முதலில் ஆணையரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். உரிமம் பெற்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மறுபடி வகுப்பு நடத்தினால் விபத்து குறைகிறதா என்று 24 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மருத்துவ ஆய்வறிக்கை 2003-இல் வந்தது. குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஸ்வீடனின் தொலைபேசி நிறுவனமான டெலிவெர்கெட் தன் ஓட்டுநர்களை வைத்தே ஒரு சோதனை செய்தது. அதன் முடிவு 1996-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஓட்டும் பயிற்சி, ஒரு குழுவுக்குப் பிரச்சாரம், ஒரு குழுவுக்கு விபத்தில்லாமல் ஓட்டினால் ஊக்கத்தொகை, இன்னொரு குழுவுக்குச் சிறு கூட்டங்களில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசும் வாய்ப்பு. ஒவ்வொரு குழுவிலும் சுமார் 900 பேர். விபத்தைக் குறைப்பதில் முதலில் நின்றது, தங்கள் வேலையில் எங்கே ஆபத்து இருக்கிறது, தான் எதை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று ஓட்டுநர்களே பேசி முடிவெடுத்த அந்தக் குழு.

ஆகவே அந்தத் தொகையை மண்டபத்துக்கும் சான்றிதழுக்கும் செலவிடாதீர்கள். 40 பேரையும் ஒரே நாளில் உட்கார வைத்தால் அன்றைக்குக் குப்பையும் எடுக்க முடியாது. வண்டி வகைப்படி ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். முதல் ஒரு மணி நேரம் மைதானத்தில் வண்டியோடு, அடுத்த ஒரு மணி நேரம் பேச்சு. காம்பாக்டர் கூட்டத்துக்கு ஓட்டுநரை மட்டும் அழைத்தால் பாதி வேலைதான் நடக்கும். அந்த வண்டியோடு போகும் தூய்மைப் பணியாளர்களும் மேஸ்திரியும் வரவேண்டும். அடிபடுவது அவர்கள். வண்டியின் பின்புறத்தைப் பார்க்கக்கூடியவர்களும் அவர்களே.

இப்போது ரிவர்ஸ். பதினொன்றில் ஐந்து என்பதால் இதற்குத்தான் முதல் இரண்டு கூட்டங்களையும் ஒதுக்கவேண்டும்.

முதல் பாடத்துக்குத் தேவையானவை ஒரு காம்பாக்டரும் இரண்டு கிலோ கோலமாவும். வண்டியை மைதானத்தில் நிறுத்தி, கண்ணாடிகளைச் சரிசெய்து, ஓட்டுநரை இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பணியாளர் கையில் குப்பைக் கூடையோடு வண்டியை ஒட்டி மெதுவாகச் சுற்றி வரட்டும். ஓட்டுநரின் பார்வையிலிருந்து அவர் மறையும் இடத்திலும் திரும்பத் தெரியும் இடத்திலும் கோலமாவால் புள்ளி வையுங்கள். நின்றபடி ஒரு சுற்று, கூடையை எடுக்கக் குனிந்தபடி இன்னொரு சுற்று. புள்ளிகளை இணைத்தால், வண்டியின் முன்மூக்கை ஒட்டி ஒரு பட்டை, இடப்பக்கக் கதவிலிருந்து நீளும் ஒரு பெரிய முக்கோணம், பின்புறம் குப்பை கொட்டும் வாயான ஹாப்பருக்குப் பின்னால் ஒரு முழு அறை அளவுக்கு இடம் என மூன்று குருட்டுப் பகுதிகள் தரையில் தெரியும். பிறகு பணியாளர்கள் ஒவ்வொருவரையும் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வையுங்கள். தான் தினமும் நிற்கும் இடத்தில் சக பணியாளர் காணாமல் போவதைத் தன் கண்ணால் பார்த்தவர் மறுநாள் அங்கே நிற்கத் தயங்குவார். எத்தனை மணி நேரப் பேச்சும் இதைச் செய்யாது.

அடுத்து, ரிவர்ஸ் எடுக்கவேண்டிய இடங்களையே குறையுங்கள். ஒவ்வொரு ஓட்டுநரிடமும் அவர் வார்டின் வரைபடத்தைக் கொடுத்து, தினமும் எங்கெல்லாம் ரிவர்ஸ் எடுக்கிறார் என்று சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். முட்டுச் சந்துகளுக்குள் காம்பாக்டர் போகவே தேவையில்லை. பேட்டரி வண்டி குப்பையைச் சந்து முனைக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். சில தெருக்களை எதிர்த்திசையிலிருந்து தொடங்கினாலே ரிவர்ஸ் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். இதற்குச் செலவும் கிடையாது, யாரும் புதிதாக எதையும் கற்கவும் வேண்டாம். அப்படியும் மிஞ்சும் இடங்களுக்குத்தான் கீழே சொல்லும் முறை.

நம் ஊர்களில் பின்னால் நிற்பவர் வண்டியின் உடம்பைத் தட்டியோ "வரட்டும், வரட்டும், ஹோல்டான்" என்று கத்தியோதான் ரிவர்ஸ் எடுக்க வைக்கிறார். இரண்டுமே ஆபத்து. தட்டவேண்டுமென்றால் அவர் வண்டியை ஒட்டி நிற்கவேண்டும், அதாவது குருட்டுப் பகுதிக்குள். கத்தினாலோ ஹைட்ராலிக் பம்பின் இரைச்சலில் பாதிதான் கேட்கும். "வரட்டும்" என்ற சொல் காதில் விழுந்து "ஹோல்டான்" விழாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வழிகாட்ட ஒரே ஒருவர். யார் என்பது வண்டி கிளம்பும் முன்பே முடிவாகியிருக்கவேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், வழிகாட்டி வண்டியின் பின் வலது மூலைக்கு வெளியே, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வலப்பக்கக் கண்ணாடியில் முழு உடம்பும் தெரியும்படி நிற்கவேண்டும். வண்டி நகரும் பாதைக்குள் நிற்கக் கூடாது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது அவரும் பின்னோக்கி நடக்கக் கூடாது. கல் தடுக்கி விழுந்தால் அதோடு முடிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, நடந்து போய்ப் புது இடத்தில் நின்று, மறுபடி கை காட்டவேண்டும். கைச்சாடை மட்டுமே, கூடவே விசில். நீண்ட விசில் என்றால் நிறுத்து. அதற்கு வேறு பொருளே கூடாது. கண்ணாடியில் வழிகாட்டி மறைந்த அந்த நொடியே ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடவேண்டும். "இப்போதுதானே இருந்தார்" என்று ஓர் அடி கூட எடுக்கக் கூடாது. கதவின் கண்ணாடி இறக்கப்பட்டிருக்கவேண்டும், பாட்டு அணைக்கப்பட்டிருக்கவேண்டும், வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு பணியாளர் சந்து முனையில் நின்று ஆட்களையும் குழந்தைகளையும் நிறுத்திவைக்கட்டும்.

பணியாளர்கள் நின்று வரும் பின்படியான ஃபுட்போர்டில் ஆள் நிற்கும்போது ரிவர்ஸ் கிடையவே கிடையாது. ஐரோப்பியத் தரவிதியின்படி செய்யப்படும் காம்பாக்டர்களில் ஃபுட்போர்டில் எடை இருந்தால் ரிவர்ஸ் கியரே வேலை செய்யாது, முன்னோக்கிப் போனாலும் வேகம் 30 கிலோமீட்டருக்குமேல் ஏறாது. அந்தப் பூட்டு இல்லாத வண்டியில் விதிதான் பூட்டு. அதைக் காப்பாற்ற வேண்டியவர் மேஸ்திரி. ரிவர்ஸ் கேமரா வாங்கிப் பொருத்துங்கள், நல்லதுதான். ஆனால் காம்பாக்டரின் பின்புறம் கழிவுநீர் தெறிக்கும் இடம். காலையில் ஒருமுறை துடைக்காவிட்டால் பத்து மணிக்குள் திரையில் ஒன்றும் தெரியாது. அப்போது கேமராவை நம்பி வழிகாட்டியை விட்டுவிடும் பழக்கம் வந்திருக்கும். கேமரா வந்தாலும் வழிகாட்டி போகக் கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இடப்பக்கத் திருப்பத்துக்கும் மைதானத்திலேயே விடை இருக்கிறது. நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் உள்ள வண்டியின் முன்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரம் ஏறக்குறைய 1 மீட்டர் உள்ளே வரும். ஒரு ஸ்கூட்டரும் அதில் உட்கார்ந்திருப்பவரும் இருக்கும் அகலம் அது. காலித் தண்ணீர் பாட்டில்களில் மண் நிரப்பி, முன்சக்கரத் தடத்திலிருந்து அரை மீட்டர் உள்ளே வளைவாக வரிசை வைத்து, வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். முன்சக்கரம் தொடாமல் கடந்த பாட்டில்களைப் பின்சக்கரம் நசுக்கிக்கொண்டு வரும். பார்த்த பிறகு பழக்கவேண்டியது: திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்பே இண்டிகேட்டர், இடப்பக்கம் ஒரு பைக் நுழையும் அளவுக்கு இடைவெளி விடாமல் ஓரத்தை ஒட்டி வருவது, ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன் இடப்பக்கக் கண்ணாடியை இரண்டாம் முறை பார்ப்பது. அகலம் போதாமல் வலப்பக்கம் விரித்து எடுத்துத்தான் திரும்பவேண்டும் என்றால், இடப்பக்கம் திறக்கும் அந்த வழிக்குள் யாராவது நுழைவார்கள் என்று வைத்துக்கொண்டே, நின்று பார்த்து எடுக்கவேண்டும். கேபினில் இடப்பக்கம் உட்காரும் பணியாளர் கைபேசியைப் பார்க்காமல் இடப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதுவும் அவர் வேலை.

பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் மைதானத்தில் டேப் வைத்து அளந்து காட்டுங்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்று வைத்துக் கணக்கிட்டால் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 19 மீட்டர், 40-இல் 29, 50-இல் 40 மீட்டர். முழுச் சுமையும் ஈரச் சாலையும் சேர்ந்தால் இன்னும் நீளும். 40 கிலோமீட்டர் வேகத்தில் கைபேசியை மூன்று நொடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் முன் ஸ்பீடோமீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முள் அசையாத வண்டியைக் கொடுத்துவிட்டு வேகக் கட்டுப்பாடு பற்றிப் பேசினால் ஓட்டுநர்கள் கேட்கமாட்டார்கள். ஒரு விஷயத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: வண்டியை வழுக்கவிட்டு மீட்கும் வித்தைப் பயிற்சிகள். நார்வேயில் வழுக்குத் தளப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு விபத்து கூடியதாகவே பதிவாகியிருக்கிறது. தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

தண்ணீர் லாரி சாய்ந்ததில் ஓட்டுநரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அன்றைக்குத் தொட்டி பாதி நிரம்பியிருந்ததா என்று லாக் புக்கில் பாருங்கள். 9,000 லிட்டர் தொட்டியில் பாதித் தண்ணீர் என்றால் 4.5 டன். நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதித் தொட்டியில் அந்த நாலரை டன்னும் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கி வண்டியைத் தள்ளும். பிரேக் பிடித்தால் முன்னால் ஓடி வந்து மோதி, நின்ற வண்டியை மறுபடி நகர்த்தும். தொட்டிக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் இந்த ஓட்டத்தை உடைப்பதற்காகவே இருக்கின்றன. துருப்பிடித்து அவை விழுந்துவிட்டாலும் வெளியிலிருந்து தெரியாது. தொட்டி கழுவும் நாளில் உள்ளே விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெடிய கம்பி கட்டிய விளக்கோடு மேல் மூடி வழியாகப் பார்த்தால் போதும், ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஓட்டுநருக்குப் பாடம் ஒன்றே: வேகத்தை வளைவுக்கு முன்பே இறக்கு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே. தெருத் தெருவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் டிரிப்புகளில், பாதி காலியான பிறகு ஊரின் மறுகோடிக்கு அனுப்பாமல் பக்கத்துத் தெருக்களிலேயே முடிக்கும்படி டிரிப் ஷீட் போடுவது உங்கள் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

டிராக்டரில் இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. உழும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துத் திரும்புவதற்காக அவை தனித்தனியாக இருக்கின்றன. சாலையில் ஓடும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கி கட்டாயம் மாட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டு வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் இருக்காது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் சுமை டிராக்டரை முன்னே தள்ளும். ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும். டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் ஹிட்ச் பின் என்ற ஆணிக்குப் பூட்டு கிளிப் இருக்கவேண்டும், கம்பித் துண்டைச் சுற்றி வைப்பது பூட்டு ஆகாது. மட்கார்டில் ஆள் உட்காரவே கூடாது. அங்கிருந்து விழுபவர் நேராகப் பின்சக்கரத்துக்குத்தான் போவார். உங்கள் டிரெய்லரில் பைக் மோதியதற்கு மருந்து ஒளிரும் பட்டை: பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். குப்பைச் சாறு படிந்தால் பட்டை ஒளிராது, வாரம் இருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். இரவில் டிரெய்லரைச் சாலையோரம் விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் கழற்றிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால், அதை உடனே நிறுத்துங்கள். இதில் காத்திருக்க எதுவும் இல்லை.

பேட்டரி வண்டியைப் பலரும் வண்டியாகவே நினைப்பதில்லை. அதனாலேயே பயிற்சியும் கிடைப்பதில்லை. முதலில் பதிவுச் சான்றைப் பாருங்கள். இ-கார்ட் என்ற வகையில் பதிவானதென்றால், அதன் சுமைக்கு வரம்பு 310 கிலோ, வேகத்துக்கு வரம்பு 25 கிலோமீட்டர், ஓட்டுபவருக்கு உரிமமும் குறைந்தது பத்து நாள் பயிற்சியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மூன்று சக்கர வண்டி, மேலே ஈரக் குப்பை குவிந்த டப்பாக்கள், முன்னால் ஒற்றைச் சக்கரம். திருப்பத்தில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் முன்பக்க மூலையில் சாயும். கனமான ஈரக் குப்பை கீழேயும் அச்சுக்கு நேராகவும், உலர் குப்பை மேலே என்று அடுக்கப் பழக்குங்கள். மேடு பள்ளமான சாலையில் குறுக்காக ஏறாமல் நேராக ஏறச் சொல்லுங்கள். ஒலி இல்லாத வண்டி என்பதால் முதியவர்களும் நாய்களும் விலகமாட்டார்கள். வாசலிலிருந்து வாசலுக்கு நகரும் ஒவ்வொரு முறையும் சிறு ஹாரன் வேண்டும்.

டிப்பர் பற்றி இரண்டே வரி. உரக்கிடங்கில் சமதரை இல்லாத இடத்தில் பெட்டியைத் தூக்கக் கூடாது, தூக்கும் முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தூக்கிய பெட்டிக்கடியில் தாங்குகட்டை கொடுக்காமல் யாரும் தலையை விடக் கூடாது.

இனி, காலை வண்டிச் சோதனை. இது நடக்கவேண்டுமானால் அதற்கான நேரம் பணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். ஐந்தரைக்கு வருகைப் பதிவு, ஐந்தரைக்கே வண்டி வெளியே என்றால் சோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் ஒரே வேகத்தில் டிக் விழும். பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். தாள் பத்து வரியைத் தாண்டக் கூடாது. ஏர் பிரேக் வண்டியில் முக்கியமானது இது: எஞ்சினை ஓடவிட்டு ஏர் முழுதாக ஏறியதும் அணைத்துவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் முள்ளைப் பார்க்கவேண்டும். முள் கண்ணுக்குத் தெரிந்து இறங்கினால் எங்கோ கசிவு. ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். விட்டால் துரு வால்வுகளைக் கெடுக்கும். பிறகு டயர், சக்கர நட்டு, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் ஹாரன், இரு பக்கக் கண்ணாடி, வைப்பர், ஸ்டீயரிங்கில் ஆட்டம், காம்பாக்டரில் அவசர நிறுத்தப் பொத்தான். ஹாப்பரில் குப்பை சிக்கினால் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கைநீட்டப் போகிறவரே பையில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் வேண்டும்.

எந்தக் குறை இருந்தால் வண்டி வெளியே போகக் கூடாது என்பதைத் தனியாக எழுதி ஆணையர் கையெழுத்தோடு ஒட்டுங்கள்: பிரேக், ஸ்டீயரிங், கான்வாஸ் தெரியும் டயர், கண்ணாடி இல்லாமை, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் ஹாரன். ஓட்டுநர் மூன்று நாள் எழுதிக் கொடுத்தும் "இன்றைக்கு மட்டும் போய்ட்டு வா" என்று அனுப்பினால் நான்காம் நாள் அவர் எழுதமாட்டார். அதற்குப் பிறகு உங்கள் தாளில் எந்தக் குறையும் இருக்காது, வண்டியில் எல்லாக் குறையும் இருக்கும்.

ஓட்டுநரின் உடல்நிலையைப் பற்றிக் கூட்டத்தில் கூச்சமில்லாமல் பேச வழி செய்யுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை வேண்டும். நகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் அன்றே பார்த்துவிடலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் அதிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு வெறும் டீயோடு வண்டி ஏறினால், ஏழெட்டு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி, கண் மங்கும். வேலை நேரத்துக்கேற்ப மாத்திரையையும் சாப்பாட்டையும் எப்படி அமைப்பது என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், ஏழரைக்குச் சாப்பாட்டு இடைவேளையை டிரிப் ஷீட்டிலேயே போடுங்கள். சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தூக்கம் தருபவை என்பதும் பலருக்குத் தெரியாது.

மதுவுக்கான சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். "ராத்திரி குடித்தது, தூங்கி எழுந்தால் இறங்கிவிடும்" என்பது பரவலான நம்பிக்கை. தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ளவரின் ரத்தத்தில் அது 135 மில்லிகிராம் அளவுக்குப் போகும். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். இரவு 11 மணிக்கு முடித்தவருக்குக் காலை ஐந்தரைக்கு இன்னும் 40 அளவில் இருக்கும். தெளிவாக இருப்பதாக அவர் உணர்வார், ஆனால் சட்டப்படி ஓட்டக் கூடாதவர். வாயிலில் ஊதிப் பார்க்கும் கருவியை எல்லோருக்கும், அலுவலக ஜீப் ஓட்டுநர் உள்பட, தினமும் வையுங்கள். அளவு கூடியவருக்கு அன்று வண்டி கிடையாது, மறுமுறை என்றால் நடவடிக்கை.

ஒரே ஆளுக்கு இரட்டை டியூட்டி போடுவதை விடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென 1961-இல் வந்த சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. அந்த அளவுகோலைத் தாண்டாமல் பணி அட்டவணை போட்டாலே மதியத் தூக்கக் கலக்கம் பெருமளவு போய்விடும்.

ஒப்பந்த ஓட்டுநர்கள்தான் உங்கள் படையில் முக்கால் பங்குக்கு மேல். ஒப்பந்தத்தில் மூன்று வாசகங்கள் வேண்டும்: பயிற்சி முடிக்காத ஆளை வண்டியில் ஏற்றக் கூடாது, பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு, மாற்று ஆள் வந்தால் முதல் மூன்று நாள் பழைய ஓட்டுநரோடு போகவேண்டும். உரிமத்தின் நகலை வாங்கி வைப்பதோடு நிற்காமல் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டு வகையும் காலாவதி நாளும் பாருங்கள். உரிமமில்லாதவரை ஓட்டவிட்டால் வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் நகராட்சியும் குற்றம் செய்ததாகும். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது. காம்பாக்டரும் பெரிய டிப்பரும் அந்த எடையைத் தாண்டுபவை என்பதால் அவற்றுக்குக் கனரக உரிமம் வேண்டும். கனரக ஓட்டுநர்களில் ஒருவரையோ இருவரையோ உங்கள் சொந்தப் பயிற்றுநராக்க நினைத்தால், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. நாற்பது பேருக்கு ஒருநாள் செலவழிப்பதைவிட இரண்டு பேரை அனுப்பித் திரும்ப வரவழைப்பது நீடிக்கும்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். முதலில் வண்டியை நிறுத்தி 108-ஐ அழைக்கவேண்டும். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வது ஆகியவை மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு சொல்லும் கடமைகள். கூட்டம் அடிக்க வந்தால் அங்கேயே நிற்கவேண்டியதில்லை, அதற்கும் அந்தப் பிரிவில் இடமுண்டு. அப்போது போகவேண்டிய இடம் அருகிலுள்ள காவல் நிலையம், வீடு இல்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருப்பதை எல்லா ஓட்டுநர்களும் அறிந்திருக்கவேண்டும். பணம் கேட்பார்களோ என்ற பயத்தில் தாமதிக்கக் கூடாது.

சம்பளத்தில் சேதச் செலவைப் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நிறுத்தச் சொல்லித்தான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். பணம் போகும் என்று தெரிந்தால் சின்ன உரசல்களும் மயிரிழையில் தப்பியவையும் உங்கள் காதுக்கு வரவே வராது. காலில் ஏறிய அந்த விபத்துக்கு முன் அதே சந்தில், அதே வண்டி எத்தனை முறை சுவரை உரசியிருக்கும் என்று விசாரித்துப் பாருங்கள். குடித்து ஓட்டியது, கைபேசி பேசியது, உரிமமில்லாதவரிடம் சாவியைக் கொடுத்தது, விபத்தை மறைத்து ஓடியது ஆகிய நான்குக்கும் விதிவிலக்கில்லாத தண்டனை. அன்றைய ஷிப்டுக்குள் தானே வந்து சொன்ன மற்ற சேதங்களுக்குப் பிடித்தம் இல்லை. இப்படி அறிவித்தால் முதல் மூன்று மாதம் புத்தகத்தில் சம்பவங்களின் எண்ணிக்கை கூடும். ஆணையரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயிற்சியால் விபத்து கூடிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 11 விபத்து அடுத்த ஆண்டு 8 ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் வேறொன்றை எண்ணுங்கள். மாதம் ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், மேஸ்திரி தெருவில் நின்று இருபது ரிவர்ஸ்களைப் பார்க்கட்டும். எத்தனையில் வழிகாட்டி சரியான இடத்தில் நின்றார், எத்தனையில் ஃபுட்போர்டு காலியாக இருந்தது என்று குறிக்கட்டும். இருபதில் ஆறு என்று தொடங்குவது ஆறு மாதத்தில் பதினெட்டுக்கு வந்தால் பயிற்சி வேலை செய்கிறது. வராவிட்டால் கூட்டத்தில் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான் காரணமாக வரும். இரண்டு பேர் போகவேண்டிய வண்டியில் ஒருவர் போனால் வழிகாட்ட யார் இருப்பார்கள்?

கடைசியாக, நிறுத்தி வைத்திருக்கும் ஓட்டுநர். அன்று அவர் குடித்திருந்தாரா, கைபேசியில் இருந்தாரா, உரிமம் செல்லுபடியானதா, ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்ததா, பின்னால் யாரை நிறுத்தினார், எத்தனையாவது மணி நேர வேலை அது, அந்தச் சந்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னது யார் என்ற ஏழு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். முதல் மூன்றில் தவறு இருந்தால் விசாரணை தன் வழியில் போகட்டும். தவறு மற்ற நான்கில் என்றால், காவல்துறை வழக்கின் நிலையைச் சட்ட அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு மாதம் மைதானப் பயிற்சியில் உதவியாளராக வையுங்கள். கோலமாவுப் பாடத்தில் அவரே இருக்கையில் உட்காரட்டும். பிறகு வேறு வார்டில், பயிற்றுநர் கூட இருக்க, இரண்டு வாரம் ஓட்டவிட்டுப் பாருங்கள். விரல்களை இழந்த பணியாளரையும் மறந்துவிடாதீர்கள். இழப்பீட்டுக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால், ரிவர்ஸ் எடுப்பதைக் கண்காணிக்கும் வேலைக்கு அவரைக் கேளுங்கள்.